அத்தியாயம் அத்தியாயமாகக் கதைக் குறிப்பு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் வாசிப்புக் குழுவில் நாலு வாரம் வராமல் இருந்துவிட்டு ஐந்தாவது வாரம் வருகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எதுவரைக்கும் வந்தோம்?" அவருக்காகத்தான் அத்தியாயக் குறிப்பு எழுத ஆரம்பித்தோம். முதலில் நான் எழுதினேன். அப்புறம் முறை போட்டு எல்லோரும் எழுதினார்கள். நாவல், நாடகம், குழந்தைக் கதை என்று எதை எடுத்தாலும் புதிதாக எழுதுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களையும், எந்த வரிசையில் வேலை செய்தால் விழாமல் போகலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

உதாரணங்களை எல்லோரும் பெயராவது கேள்விப்பட்ட நூல்களிலிருந்தே எடுக்கிறேன். அவற்றைப் படிக்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில முடிச்சுகள் அவிழும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே ஒரு பதிப்பு. இதுதான் முதல் தேவை. பாதியை வீட்டுப் புத்தகத்திலும் மீதியைக் கைபேசியிலும் படித்தால் எண்கள் குழம்பும். "பொன்னியின் செல்வன்" நாட்டுடைமையான நூல், பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. பக்க எண் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் பாகமும் அத்தியாய எண்ணும் மாறாது. அதனால் பக்கத்தை விட்டுவிட்டு "முதல் பாகம், 6" என்று குறியுங்கள். யார் எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாகத்தை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த நாவலில் ஐந்து பாகங்கள். ஒவ்வொன்றிலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வெறும் "அத்தியாயம் 10" என்றால் ஐந்து இடங்களில் தேட வேண்டும்.

நாடகத்தில் இன்னொரு சிக்கல். "மாக்பெத்" கடைசி அங்கத்தைச் சில பதிப்புகள் 8 காட்சியாகவும், சில அதற்குக் கூடக் குறையவும் பிரித்திருக்கும். கையில் இருப்பது எப்படிப் பிரித்திருக்கிறதோ அதையே பின்பற்றி, குறிப்பின் தலையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இது தவிர ஒரு நோட்டு, பென்சில், பெயர்களுக்கென்று தனியாக ஒரு தாள். கணினியில் எழுதினாலும் பெயர்த்தாள் காகிதமாக இருப்பது நல்லது. படிக்கும்போது பக்கத்தில் கிடக்கும், எடுத்துப் பார்க்க நொடி போதும்.

2. யாருக்காக எழுதுகிறோம் என்று தீர்மானியுங்கள்

இரண்டு விதமான வாசகர் உண்டு. ஒருவர் பாதி படித்து நிறுத்தியவர், விட்ட இடத்தைப் பிடிக்க வருகிறார். இன்னொருவர் முழுதும் படித்து முடித்தவர், ஏதோ ஒரு காட்சி எங்கே வருகிறது என்று தேடுகிறார்.

முதலாமவருக்கு எழுதினால் பின்னால் வருவதை ஒரு சொல்லில்கூடக் காட்டக் கூடாது. இரண்டாமவருக்கு எழுதினால் காட்டலாம், காட்டினால்தான் அவருக்குப் பயன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று எழுத நினைப்பவர்கள் இரண்டு பேரையும் ஏமாற்றுவார்கள். நான் எப்போதும் முதலாமவருக்கே எழுதுகிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

3. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள்

படிக்கப் படிக்கவே எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். முடியாது. எது முக்கியம் என்று தெரியாத நிலையில் எல்லாவற்றையும் எழுதுவோம், இல்லையென்றால் முக்கியமானதை விட்டுவிடுவோம்.

இப்சனின் "பொம்மை வீடு" தொடக்கத்தில் நோரா கடையிலிருந்து வருகிறாள். பையில் இருக்கும் மக்ரூனில் ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொள்கிறாள், கணவன் கேட்டதும் சாப்பிடவே இல்லை என்கிறாள். முதல் முறை படிக்கும்போது இது சும்மா ஒரு குறும்பு. எங்கள் குழுவில் இந்த நாடகத்துக்குக் குறிப்பு எழுதியவர் இதை விட்டுவிட்டார். நாடகம் முழுக்க அவள் கணவனிடம் மறைத்துவைத்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடக்கிறது என்று தெரிந்த பிறகு பார்த்தால், நம் கண் முன்னால் அவள் சொல்லும் முதல் பொய் அது. ஒரு வரியாவது அதற்கு வேண்டும்.

சரி, "பொன்னியின் செல்வன்" போல 293 அத்தியாயம் உள்ள நாவலை முழுதும் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா? வேண்டாம். ஒரு பாகத்தைப் படித்து, அந்தப் பாகத்துக்கு எழுதுங்கள். பின்னால் போன பிறகு ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் பழைய குறிப்பில் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது அந்தப் பொருளையோ செயலையோ மட்டும் சேர்க்க வேண்டும், அதன் பின்விளைவைச் சேர்க்கக் கூடாது. நோரா தின்றாள், இல்லை என்றாள். அவ்வளவுதான்.

4. பெயர்த்தாள்

இரண்டாம் வாசிப்பு தொடங்கும்போதே இதையும் தொடங்குங்கள். ஒருவருக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் குறிப்பு முழுக்க நீங்கள் பயன்படுத்தப்போகும் பெயர், அடுத்ததில் நூலில் வரும் மற்ற பெயர்கள், மூன்றாவதில் உறவு.

கல்கியின் நாவலில் குந்தவை சில இடத்தில் குந்தவை, சில இடத்தில் இளைய பிராட்டி. நந்தினி பழுவூர் இளைய ராணியும்கூட. பழுவேட்டரையர் என்றால் பெரியவரா சின்னவரா என்று கேட்க வேண்டியிருக்கும். குறிப்பில் எல்லாப் பெயரையும் மாற்றி மாற்றி அழகுக்காகப் போட்டால், பாதியில் வருகிறவர் புதிதாக யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைப்பார். ஒருவருக்கு ஒரு பெயர் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. ஒரு பாத்திரம் யார் என்பதே கதையின் ரகசியமாக இருந்தால், அது வெளிப்படும் அத்தியாயம் வரை கதையில் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே எழுத வேண்டும். பெயர்த்தாளில் உங்களுக்குத் தெரியும், குறிப்பில் தெரியக் கூடாது.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தாள் உயிரைக் காப்பாற்றும். எமிலி பிராண்ட்டியின் "வதரிங் ஹைட்ஸ்" நாவலில் தாய் பெயரும் கேத்தரின், மகள் பெயரும் கேத்தரின். லிண்ட்டன் ஒரு குடும்பப் பெயர், பின்னால் ஒரு பையனுக்கு அதுவே முதற்பெயர். மூன்றாம் அத்தியாயத்தில் விருந்தாளி லாக்வுட் ஒரு மரப் பலகையில் கீறிவைத்த பெயர்களைப் பார்க்கிறார்: கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லிண்ட்டன். மூன்றும் மூன்று பேர் என்று நினைத்துக் குறிப்பு எழுதி வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அவர் மேல் தப்பில்லை, அந்த இடத்தில் லாக்வுட்டுக்கும் ஒன்றும் புரியாது. நான் தாயைக் கேத்தரின் என்றும் மகளைக் கேத்தி என்றும் வைத்துக்கொண்டேன். நூலில் இரண்டு பேரையுமே கேத்தி என்று அழைப்பவர்கள் உண்டு, இருந்தாலும் குறிப்பில் பிரித்தே ஆக வேண்டும்.

5. புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

இந்த வேலையின் மையம் இதுதான். ஒரு அத்தியாயத்தை இரண்டாம் முறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

யார் யார், எங்கே இருக்கிறார்கள்?
என்ன செய்தார்கள் அல்லது என்ன நேர்ந்தது?
அத்தியாயம் தொடங்கும்போது இல்லாத எது முடியும்போது இருக்கிறது?

ஏன் மூட வேண்டும்? திறந்துவைத்து எழுதினால் ஆசிரியரின் வாக்கியங்கள் கையில் ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு பத்தியை விரிவாக எழுதிவிட்டு, களைத்துப்போய் கடைசிப் பத்தியை ஒரு வரியில் முடிப்போம். பெரும்பாலான அத்தியாயங்களில் விஷயம் கடைசியில்தான் இருக்கும். மூடிவிட்டால் நினைவில் நிற்பதுதான் தாளுக்கு வரும், அநேகமாக அதுதான் முக்கியமானதும்.

மூன்றாவது கேள்விதான் கடினம், அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். லூயிஸ் கரோலின் "அற்புத உலகில் ஆலிஸ்" நான்காம் அத்தியாயத்துக்கு வந்த முதல் வரைவு இது:

"இந்த அத்தியாயத்தில் ஆலிஸ் முயலின் வீட்டுக்குச் செல்கிறாள். அங்கே அவளுக்குப் பல விசித்திரமான அனுபவங்கள் ஏற்படுகின்றன. ஆசிரியர் இதை மிக நகைச்சுவையாக விவரிக்கிறார்."

மூன்று வரியில் ஒரு நிகழ்ச்சிகூட இல்லை. எந்த அத்தியாயத்துக்கும் இதை ஒட்டலாம். திருத்தி எழுதியது:

"வெள்ளை முயல் ஆலிஸைத் தன் வேலைக்காரி மேரி ஆன் என்று நினைத்து, வீட்டிலிருந்து கையுறையும் விசிறியும் எடுத்துவரச் சொல்கிறது. உள்ளே ஒரு புட்டியிலிருந்து குடித்த ஆலிஸ், அறையே கொள்ளாத அளவு வளர்ந்து மாட்டிக்கொள்கிறாள். புகைபோக்கி வழியாக இறக்கப்பட்ட பில் என்ற பல்லியை உதைத்து வெளியே தள்ளுகிறாள். வெளியிலிருந்து எறிந்த கூழாங்கற்கள் கேக்குகளாக மாற, ஒன்றைத் தின்று சிறுத்து, தப்பி ஓடுகிறாள். ஒரு நாய்க்குட்டியிடமிருந்து தப்பிய பிறகு காளான் மேல் உட்கார்ந்திருக்கும் கம்பளிப்புழுவைப் பார்க்கிறாள்."

ஐந்து வாக்கியம். படித்தவருக்கு அத்தியாயம் முழுதும் திரும்ப வந்துவிடும். கடைசி வாக்கியம் அடுத்த அத்தியாயத்தின் வாசலில் நிறுத்துகிறது, ஆனால் உள்ளே அழைத்துப் போகவில்லை.

எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து பெயர், எண், யார் யாரிடம் சொன்னது ஆகிய மூன்றை மட்டும் சரிபாருங்கள். விட்டுப்போனவற்றை எல்லாம் சேர்க்க ஆரம்பித்தால் மூடி எழுதியதன் பலன் போய்விடும்.

6. யாருக்கு என்ன தெரியும்

சில அத்தியாயங்களில் எதுவும் நடக்காதது போல இருக்கும். இரண்டு பேர் பேசுவார்கள், முடிந்துவிடும். "உரையாடுகிறார்கள்" என்று எழுதிவிட்டுப் போவது இங்கேதான் நடக்கும். அப்படிப்பட்ட அத்தியாயத்தில் மாறுவது பெரும்பாலும் ஒன்றுதான்: யாரோ ஒருவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது, அல்லது தப்பாகத் தெரிந்துவிட்டது.

"வதரிங் ஹைட்ஸ்" ஒன்பதாம் அத்தியாயம் இதற்கு நல்ல பாடம். கேத்தரின் பணிப்பெண் நெல்லியிடம் மனம் விட்டுப் பேசுகிறாள். தன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்த ஹீத்கிளிஃபை மணந்தால் தனக்குக் கௌரவக் குறைவு என்கிறாள். அதே பேச்சில், தானும் அவனும் வேறு வேறு இல்லை என்றும் சொல்கிறாள். முதல் பாதியை ஹீத்கிளிஃப் கேட்டுவிட்டான், எழுந்து போய்விட்டான். இரண்டாம் பாதியைக் கேட்கவில்லை. அவன் போனதை நெல்லி பார்த்தாள், கேத்தரின் பார்க்கவில்லை. "கேத்தரின் தன் காதலைப் பற்றி நெல்லியிடம் சொல்கிறாள், ஹீத்கிளிஃப் வீட்டை விட்டுப் போகிறான்" என்று எழுதினால் அவன் ஏன் போனான் என்பதே விளங்காது. எவ்வளவு கேட்டான், எதைக் கேட்கவில்லை, யார் பார்த்தார்கள் என்ற மூன்றும் வேண்டும்.

"பொன்னியின் செல்வன்" முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகை நடுநிசிக் கூட்டமும் இதே வகை. சுந்தர சோழருக்குப் பின் ஆதித்த கரிகாலனுக்குப் பதில் வேறொருவருக்குப் பட்டம் கட்டும் பேச்சு அங்கே நடக்கிறது. கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் வந்தியத்தேவன் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். மதில்மேல் ஆழ்வார்க்கடியானின் தலையும் தெரிகிறது. பேசியது என்ன என்பதோடு, ஒளிந்து கேட்டவர் யார் என்பதையும் குறிப்பில் எழுதாவிட்டால் பின்னால் வரும் பல அத்தியாயங்கள் அந்தரத்தில் தொங்கும்.

என் நோட்டில் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொள்வேன். "தெரியும்" என்று எழுதி கீழே பெயர்கள். குறிப்பில் இது போகாது, எனக்கு மட்டும். குழப்பமான நாவலில் இந்தக் கட்டம் இல்லாமல் நான் வேலை தொடங்குவதே இல்லை.

7. முடிச்சை முன்கூட்டி அவிழ்க்காதீர்கள்

முதல் வருடம் நான் செய்த தப்பு இது. கடம்பூரில் மூடுபல்லக்கு ஒன்று இருக்கிறது. உள்ளே இளைய ராணி இருப்பதாகத்தான் வந்தியத்தேவன் நினைக்கிறான், நாமும் அப்படியே நினைக்கிறோம். எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பே "பல்லக்கில் யார்?" என்பதுதான். நான் நான்காம் அத்தியாயக் குறிப்பிலேயே உள்ளே இருப்பவரின் பெயரை எழுதிவிட்டேன். எனக்குத்தான் தெரியுமே, அதனால் கை தானாக எழுதிவிட்டது. அப்போது ஐந்தாம் அத்தியாயம் வரை படித்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இங்கேயும் அந்தப் பெயரை எழுதாமல் போகிறேன்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, "இது இந்த அத்தியாயத்தின் கடைசி வரி வரை படித்தவருக்குத் தெரியுமா?" என்று கேட்பது. "பின்னாளில் இவனே", "இதுவே பிறகு", "அப்போது அவள் அறியவில்லை" போன்ற தொடர்கள் வந்தாலே சந்தேகப்படுங்கள்.

வார இதழில் தொடராக வந்த நாவல்களில் அத்தியாயக் கடைசியில் ஒரு கொக்கி இருக்கும். அதைக் கொக்கியாகவே எழுதுங்கள். "கதவு தட்டப்படுகிறது" என்று அத்தியாயம் முடிந்தால் குறிப்பும் அங்கேயே முடியட்டும். வந்தவர் யார் என்பது அடுத்த எண்ணுக்குச் சொந்தம்.

8. சொல்லும் வரிசையும் நடந்த வரிசையும்

நூலில் முன்னும் பின்னுமாகக் காலம் போனால், நடந்த வரிசைப்படி நேராக்கி எழுத ஆசை வரும். வேண்டாம். அத்தியாயக் குறிப்பு என்பது புத்தகத்தின் வரிசை. "வதரிங் ஹைட்ஸ்" 1801-ல் லாக்வுட் வருவதில் தொடங்குகிறது. நெல்லி பழைய கதையைச் சொல்லத் தொடங்குவது நான்காம் அத்தியாயத்தில்தான். வாசகர் புத்தகத்தைத் திறந்தால் எது எந்த எண்ணில் இருக்குமோ அதுவே குறிப்பிலும் அந்த எண்ணில் இருக்க வேண்டும்.

நேர்க்கோட்டு வரிசை தேவைதான், ஆனால் அதைத் தனியாக ஒரு தாளில் கடைசியில் கொடுங்கள்.

கதை சொல்பவர் மாறும் இடத்தையும் கட்டாயம் குறியுங்கள். ஸ்டீவன்சனின் "புதையல் தீவு" முழுக்க ஜிம் என்ற பையன் சொல்வது. 16 முதல் 18 வரை மூன்று அத்தியாயங்களை மட்டும் டாக்டர் லிவ்சி சொல்கிறார், 19-ல் மறுபடி ஜிம். காரணம் எளிது: அந்த நேரத்தில் ஜிம் தீவில் வேறு இடத்தில் இருக்கிறான், கப்பலை விட்டு மற்றவர்கள் இறங்கியதை அவன் பார்க்க முடியாது. "டாக்டர் சொல்கிறார்" என்ற இரண்டு சொல் போதும். அது இல்லாவிட்டால் "நான்" யார் என்று தெரியாமல் வாசகர் திண்டாடுவார்.

9. நாடகத்துக்கு வேறு கணக்கு

நாடகத்தில் நம்மிடம் மேடை மட்டும்தான் இருக்கிறது. எனவே ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டைப் பிரித்து எழுதுங்கள்: மேடையில் நம் கண் முன்னால் நடப்பது, பேச்சு வழியாகத் தெரியவருவது. இரண்டையும் கலப்பதுதான் நாடகக் குறிப்பில் நான் பார்க்கும் மிகப் பெரிய பிழை.

"மாக்பெத்" நாடகத்தில் அரசன் டங்கனைக் கொல்லும் காட்சி என்று ஒன்று கிடையாது. இரண்டாம் அங்கம் முதல் காட்சியில் மாக்பெத் கத்தி ஒன்று காற்றில் மிதப்பதாகக் கண்டு உள்ளே போகிறான். இரண்டாம் காட்சியில் ரத்தக் கையோடு வெளியே வருகிறான். கொலை இடையில், மேடைக்கு வெளியே நடந்துவிட்டது. "மாக்பெத் டங்கனைக் குத்திக் கொல்கிறான்" என்று எழுதினால் வாசகர் அந்தக் காட்சியைத் தேடி ஏமாறுவார். அதே காட்சியில் மேடையில் நடப்பது வேறு: அவன் கத்திகளைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறான், திரும்பப் போக மறுக்கிறான், அவன் மனைவி வாங்கிக்கொண்டு போய் வைக்கிறாள். இதுதான் குறிப்புக்கு வேண்டும்.

மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் மாக்பெத்தின் தோழன் பாங்கோவைக் கொல்வது மாறாக மேடையிலேயே நடக்கிறது, அவன் மகன் ஃப்ளீயன்ஸ் தப்பிவிடுகிறான். தப்பியதை விடக் கூடாது. அடுத்த காட்சி விருந்தில் மாக்பெத்தின் கலக்கம் பாங்கோவின் ஆவியைப் பார்ப்பதற்கு முன்பே, மகன் தப்பிய செய்தி கேட்டதுமே ஆரம்பித்துவிடுகிறது.

பார்வையாளருக்கு ஒரு காட்சியிலும் பாத்திரத்துக்கு அடுத்த காட்சியிலும் தெரிவதைக் கவனியுங்கள். காடர் என்ற பட்டத்தை மாக்பெத்துக்குத் தர அரசன் முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் ஆணையிடுகிறான். மூன்றாம் காட்சியில் சூனியக்காரிகள் அவனை அந்தப் பட்டத்தால் அழைக்கும்போது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. மாக்பெத்தை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவியும் பிள்ளையும் கொல்லப்படுவது நான்காம் அங்கம் இரண்டாம் காட்சி, இங்கிலாந்தில் இருக்கும் மக்டஃபுக்குச் செய்தி வருவது மூன்றாம் காட்சி. ஒரே நிகழ்ச்சிதானே என்று ஒன்றாக்கிவிட்டால் அந்த மூன்றாம் காட்சியின் பாரம் காணாமல் போகும்.

"பொம்மை வீடு" போன்றவற்றில் மூன்று அங்கம் உண்டு, உள்ளே காட்சிப் பிரிவே இல்லை. ஒரு அங்கம் முழுவதையும் ஒரே பத்தியாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். யாராவது உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஒரு கோடு போடுங்கள். முதல் அங்கம் தானாகவே பிரியும்: நோராவும் கணவனும், பழைய தோழி லிண்டே வருகை, நோராவுக்குக் கடன் கொடுத்த குரோக்ஸ்டாட்டின் மிரட்டல். நோரா கடன் வாங்கியது தோழியிடம் பேசும்போது தெரிகிறது. அந்தக் கடன் பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டது குரோக்ஸ்டாட் வந்த பிறகுதான் வெளியாகிறது. அப்பா இறந்தது செப்டம்பர் 29, கையெழுத்தின் தேதி அக்டோபர் 2. இரண்டு உண்மையும் இரண்டு துண்டில் வர வேண்டும்.

மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதால் அலட்சியம் வரும். கடிதம் தபால் பெட்டியில் விழுவதும், கடைசியில் கதவு சாத்தும் சத்தமும் அங்கேதான் இருக்கின்றன.

10. குழந்தைக் கதை எளிது என்று நினைக்காதீர்கள்

நாவலுக்கு நன்றாக எழுதியவர்கள் இங்கே அசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். சம்பவம் வரிக்கு வரி வரும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் காரணத் தொடர்பு மெல்லியதாக இருக்கும். அப்போது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஆலிஸ் கதையில் அந்த நூல் அவள் உயரம். 12 அத்தியாயத்துக்கும் இதைத் தனி வரியாக எழுதிப் பாருங்கள். ஒன்றாம் அத்தியாயத்தில் குடித்துப் பத்து அங்குலம் ஆகிறாள். இரண்டில் ஒன்பது அடிக்கும் மேல், அப்புறம் விசிறியால் சிறுத்துத் தன் கண்ணீரிலேயே நீந்துகிறாள். ஐந்தில் மூன்று அங்குலம், காளானைக் கடித்துக் கடித்து அத்தியாயக் கடைசியில் ஒன்பது அங்குலம். ஆறின் முடிவில் இரண்டடி, ஏழின் முடிவில் ஓரடி. அந்த ஓரடியில்தான் முதல் அத்தியாயத்தில் நுழைய முடியாமல் போன சின்னக் கதவு வழியாகத் தோட்டத்துக்குள் போகிறாள். பதினொன்றில், நீதிமன்றத்தில், எதையும் தின்னாமலே வளர ஆரம்பிக்கிறாள். இந்த ஒரு வரி இருந்தால் எந்த அத்தியாயத்தில் அவளால் எங்கே போக முடியும், யாரைப் பார்த்துப் பயப்படுவாள் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். இது இல்லாமல் எழுதிய குறிப்பில் அவள் ஒரு பத்தியில் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பாள், அடுத்ததில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

எல்லாக் கதைக்கும் இப்படி ஒரு நூல் கிடைக்கும். பயணக் கதையில் இருக்கும் இடம், புதையல் கதையில் வரைபடம் யார் கையில், பினோக்கியோவில் காசு எவ்வளவு மிச்சம்.

பாடல், சொல்விளையாட்டு, விடுகதை ஆகியவற்றைச் சுருக்க முயல வேண்டாம். "எலி தன் கதையைச் சொல்கிறது" என்று குறித்துவிட்டு நகருங்கள். சுருக்கினால் ரசமும் போகும், தகவலும் மிஞ்சாது.

11. மொழி

ஒரு காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் நிகழ்காலம் எழுதுகிறேன், ஏனென்றால் "முன்பு நடந்ததாகச் சொல்கிறார்கள்" என்பதற்கு இறந்தகாலத்தை ஒதுக்கிவைக்கலாம். ஆனால் தமிழில் வினை கடைசியில் வருவதால் "போகிறான். பார்க்கிறான். சொல்கிறான்." என்று மத்தளம் தட்டும். எச்சங்களைப் பயன்படுத்துங்கள்: "போய்ப் பார்த்ததும் விஷயத்தைச் சொல்கிறான்." மூன்றுக்கு மேல் எச்சம் அடுக்கினால் யார் செய்தது என்பது மறைந்துவிடும், அங்கே முற்றுப்புள்ளி வையுங்கள்.

எழுவாயை விட்டுவிடுவது நம் மொழிக்கு இயல்பு. குறிப்பில் அது ஆபத்து. "அவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான்" என்றால் யார் யாரிடம்? இரண்டு ஆண்கள் உள்ள காட்சியில் "அவன்" என்பதை ஒருவருக்கு மட்டும் வைத்து, மற்றவரைப் பெயரால் எழுதுங்கள்.

அவன், அவர் பிரச்சினை இன்னொன்று. மூலமே தமிழ் என்றால் ஆசிரியர் எப்படி எழுதுகிறாரோ அப்படி: வந்தியத்தேவன் வருகிறான், பழுவேட்டரையர் வருகிறார். ஆங்கில நூலுக்கு நீங்களே முடிவு செய்து பெயர்த்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் கதையில் ஏதோ நடந்துவிட்டதாக அர்த்தம் வரும்.

பாராட்டும் விமர்சனமும் வேண்டாம். "அருமையாகச் சித்திரிக்கிறார்" என்ற வரியை எடுத்துவிட்டால் குறிப்பில் எதுவும் குறைவதில்லை.

12. எவ்வளவு நீளம்

சாதாரண அத்தியாயத்துக்கு நாலைந்து வாக்கியம். எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டாதீர்கள். வர்ணனையாகவே போகும் அத்தியாயத்துக்கு ஒரு வாக்கியம் தாராளம். "வதரிங் ஹைட்ஸ்" ஒன்பதுக்கு எட்டு எழுதினேன், அதற்குக் கீழே இறங்கவில்லை. அளவைத் தீர்மானிப்பது பக்க எண்ணிக்கை இல்லை, எத்தனை விஷயம் மாறியது என்பதுதான்.

13. கடைசிச் சரிபார்ப்பு

முதலில் திரைப்படத்தைத் துரத்துங்கள். பார்த்த படம் நம் நினைவில் சொல்லாமல் கொள்ளாமல் புகுந்திருக்கும். கொல்லோடியின் பினோக்கியோவில் பேசும் சில்வண்டு நான்காம் அத்தியாயத்திலேயே பொம்மைப் பையன் எறிந்த சுத்தியலில் அடிபட்டுவிடுகிறது. பிறகு ஆவியாக வரும். டிஸ்னி படம் பார்த்து வளர்ந்தவர் எழுதிய குறிப்பில் அது கடைசிவரை கூடவே நடந்து வந்துகொண்டிருந்தது. "பொன்னியின் செல்வன்" படத்திலும் இதே கதைதான்: கந்தமாறனின் தங்கை மணிமேகலை நாவலில் முக்கியமானவள், படத்தில் இல்லை. படம் மனதில் இருந்தால் அவளை அறியாமலே விட்டுவிடுவோம். படத்தில் பார்த்த முகம் நினைவுக்கு வரும் ஒவ்வொரு வரியையும் புத்தகத்தில் மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, எண்களைத் தனியாக ஒரு சுற்று. அத்தியாய எண், தலைப்பு மட்டும் விரலால் ஒவ்வொன்றாக. ஒரு எண் தவறினால் பின்னால் வரும் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். நீள நாவலில் இது சகஜம்.

மூன்றாவது, பாதி படித்த ஒருவரிடம் அவர் படித்த இடம் வரையிலான குறிப்பை மட்டும் கொடுங்கள். அவர் அடுத்த அத்தியாயத்தைத் தடங்கலின்றிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். எங்கேயாவது நிறுத்தி "இது யாரு?" என்று கேட்டால், அந்தப் பெயர் முதலில் வரும் குறிப்புக்குத் திரும்பிப் போய் உறவைச் சேர்க்க வேண்டும். முழுதும் படித்தவரிடம் காட்டுவதில் பயனில்லை. அவருக்கு எல்லாம் புரியும்.